அம்மாவின் ஐந்தாவது மன்றாட்டு

எங்கள் பங்குக் கோயிலில் ஞாயிறு காலை ஏழரை மணிப் பூசையை வாரத்துக்கு ஒரு அன்பியம் நடத்த வேண்டும். அன்பியம் என்றால் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் இருக்கும் முப்பது, நாற்பது கத்தோலிக்க வீடுகள் சேர்ந்த குழு. முறை வருகிற ஞாயிறன்று அந்த வீட்டுக்காரர்களே வாசகம் வாசிப்பார்கள், காணிக்கை கொண்டுபோவார்கள், மன்றாட்டும் சொல்வார்கள். மன்றாட்டு மொத்தம் ஐந்து. ஒவ்வொன்றையும் மைக்கில் வாசித்து முடித்ததும் கோயில் முழுவதும் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பதில் சொல்லும். எங்கள் அன்பியத்துக்கு ஏறத்தாழ இரண்டரை மாதத்துக்கு ஒருமுறை முறை வந்தது. ஐந்து மன்றாட்டையும் எழுதுவதும் அம்மா, வாசிப்பதும் அம்மா. அவளால் நடக்க முடிந்தவரை வேறு யாரும் அந்த மைக்கைத் தொட்டதில்லை. தொட விரும்பியவர்கள் இருந்தார்கள்.

அம்மா தையல் டீச்சராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். காலை ஆறு மணிப் பூசைக்குத் தினமும் போவாள். திரும்பி வந்து சமையலோடு சமையலாக ஜெபமாலை சொல்வாள். "அருள் நிறைந்த மரியே... ஏலே, பால் பொங்குது பாரு... வாழ்க" என்று மாதாவையும் என்னையும் ஒரே மூச்சில் கூப்பிடுவாள். மத்தியானம் தையல் மிஷினில் உட்கார்ந்தால் மன்றாட்டு பிறக்கும். மிதித்துக்கொண்டே வாய்க்குள் சொல்லிப் பார்ப்பாள். சொல் கிடைத்ததும் கால் நின்றுவிடும். நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதி, ஊசி குத்தும் பஞ்சுப் பொதியோடு சேர்த்துக் குத்தி வைப்பாள்.

திருச்சபைக்கு, நாட்டுத் தலைவர்களுக்கு, பங்கு மக்களுக்கு என்று முதல் மூன்றும் ஒழுங்காக இருக்கும். ஐந்தாவது நோயாளிகளுக்கு. நான்காவதில்தான் வேலை இருக்கும். அது எங்கள் தெருவுக்கானது. யார் பெயரும் அதில் வராது. ஆனால் தையல்காரி அல்லவா, யாருடைய அளவுக்குத் தைத்தது என்று கேட்டவுடனே தெரிந்துவிடும்.

முதலில் மாட்டியவர் எதிர்வீட்டுக் கணக்கு சார். தொண்ணூறுகளின் நடுவில் ஆத்தூர் அணைத் தண்ணீர் எங்கள் தெருவுக்குப் பத்து நாளைக்கு ஒருமுறை வந்தது. சார் வீட்டில் குழாயோடு மோட்டாரைச் சேர்த்திருந்தார்கள். அது ஓடத் தொடங்கினால் மற்ற வீட்டுக் குழாய்கள் சீறுமே தவிரச் சொட்டாது. எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்கவில்லை. தெருவில் பாதிப்பேர் அவரிடம் படித்தவர்கள், நான் உட்பட. நான் செய்ததெல்லாம் மோட்டார் ஓடிய நேரத்தை நாட்குறிப்பில் எழுதிவைத்ததுதான். காலை ஐந்து நாற்பது முதல் ஏழு பத்து வரை. எதையும் மணி போட்டு எழுதுவது என் வழக்கம். அந்த நாட்குறிப்புகள் ஆண்டு வாரியாகத் தையல் மிஷினுக்கு மேலே இருந்த அலமாரித் தட்டில் அடுக்கியிருந்தன.

எங்கள் முறை வந்தது. அம்மா நான்காவது தாளை எடுத்தாள்.

"கானாவூர்த் திருமணத்தில் தண்ணீரைத் திராட்சை இரசமாக மாற்றிய இறைவா, காலை ஐந்து நாற்பதுக்கே குழாயில் மோட்டாரைப் போட்டு, அண்டை வீட்டாரின் தண்ணீரை வெறுங்காற்றாக மாற்றுகிற எங்கள் சகோதரர்களின் மனத்தையும் மாற்றியருள வேண்டுமென்று உம்மை மன்றாடுகிறோம்."

பதில் கோயிலே அதிரும்படி வந்தது. பழக்கத்தில் கணக்கு சாரும் உரக்கச் சொல்லிவிட்டார். சொல்லி முடித்த பிறகுதான் என்ன கேட்டோம் என்பது அவருக்கு உறைத்தது. அடுத்த முறை தண்ணீர் வந்தபோது மோட்டார் சத்தம் இல்லை. எங்கள் வீட்டில் பதினான்கு குடம் நிரம்பியது.

அதற்குப் பிறகு பெண்கள் அம்மாவைத் தேடிக் கொல்லைப்பக்கமாக வரத் தொடங்கினார்கள்.

"டீச்சரக்கா, எங்க வீட்டுக்காரரு பிரசங்கம் ஆரம்பிச்சதும் வெளிய போயி பீடி குடிக்கிறாரு. அடுத்த தடவ அதயும் செத்தச் சேத்துக்கங்களேன்."

"நாலாவதுல ஒரு ஆளுக்குத்தான் எடம். ஒனக்கு முன்னாடி ரெண்டு பேரு சொல்லிவச்சுட்டுப் போயிருக்காக. வரிசையில நில்லு."

"வரிசையா? அம்புட்டு நாளைக்குள்ள அந்தாளு நெஞ்சு வெந்துருமேக்கா!"

வரிசையைத் தாண்டி அவளுக்கே இடம் கிடைத்தது. பிரசங்க நேரத்தில் மட்டும் அவசர வேலை வந்துவிடுகிற சகோதரர்களுக்கு உட்கார்ந்திருக்கும் பொறுமையைக் கேட்ட அம்மா, அதே மூச்சில், பிரசங்கம் வைப்பவர்களுக்குச் சுருக்கமாகப் பேசும் வரத்தையும் கேட்டுவிட்டாள். அப்போதிருந்த வயதான சாமியார் வாய்விட்டுச் சிரித்தார். வழக்கமாக இருபத்தாறு நிமிடம் போகும் பிரசங்கம் அடுத்த ஞாயிறு பதினொரு நிமிடத்தில் முடிந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு அவர் மாற்றலாகிப் போய், இளவயதுச் சாமியார் ஒருவர் வந்தார். அந்தச் சமயத்தில்தான் என் மகள் புதுநன்மை வாங்கத் தயாராகிக்கொண்டிருந்தாள். முதன்முறை நற்கருணை வாங்குகிற அந்த ஞாயிறு எங்கள் அன்பியத்தின் முறையாகவும் அமைந்துவிட்டது. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. பேத்திக்கு வெள்ளை உடுப்பைத் தானே தைத்தாள். கழுத்தைச் சுற்றி முத்து வைத்து, பிடிக்காமல் பிரித்து, மறுபடி வைத்தாள். "ஒனக்கு அப்பாயி மைக்குல மன்றாடுவேன், நீ மெழுகுதிரியப் பிடிச்சுக்கிட்டு நேரா நில்லு" என்று தினம் ஒருமுறை சொன்னாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, பஞ்சுப் பொதியில் குத்தியிருந்த தாள் என் கண்ணில் பட்டது. நான்காவது மன்றாட்டு. பூசை முடியும் நேரத்துக்குக் கோயிலுக்கு வந்து, பந்தி போடும் நேரத்துக்கு முதல் வரிசையில் உட்காருகிற உறவினர்களுக்காக.

அது சித்தையன்கோட்டையில் இருக்கும் என் மைத்துனர். என் மனைவியின் ஒரே அண்ணன். மகளின் ஞானஸ்நானத்துக்கு அவர் வந்தது நற்கருணை கொடுத்து முடித்த பிறகு. இலையில் உட்கார்ந்தது எல்லோருக்கும் முன்னால். உண்மைதான். உண்மை என்பதுதான் பயமாக இருந்தது. அன்று மாலையே பங்குச் சாமியாரைப் போய்ப் பார்த்தேன்.

"சாமி, அம்மா எழுதுற மன்றாட்ட நீங்க முன்னாடியே ஒருதரம் பாத்துட்டா நல்லாருக்கும்."

அந்த ஞாயிறு அறிவிப்பு வந்தது. இனி மன்றாட்டுகளை முன்கூட்டியே சாமியாரிடம் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். இல்லையென்றால் இளைஞர் குழு அச்சுப் புத்தகத்திலிருந்து வாசிக்கும்.

"எவனோ சாமிகிட்டப் போயி வத்தி வச்சிருக்கான்" என்றாள் அம்மா, வீட்டுக்கு வந்ததும்.

"கணக்கு சாரா இருக்கும் அத்தை" என்றாள் என் மனைவி.

"சேச்சே. அவரு திருந்துனவரு."

"யாருன்னு தெரிஞ்சா என்ன செய்வ?" என்று நான் கேட்டேன். குரல் சரியாகத்தான் வந்தது என்று நினைக்கிறேன்.

"பேரச் சொல்லியே மன்றாடுவேன்." பிறகு குரல் தணிந்தது. "ஏலே, பேத்தி புதுநன்மைக்கு எவனோ புத்தகத்தப் பாத்து வாசிக்க, நான் பெஞ்சுல உக்காந்து கேக்கணுமா? இம்புட்டு வருசம் எழுதுனது எதுக்கு?"

கண் கலங்கியிருந்தது. அம்மா அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. இரண்டு நாள் மிஷின் மிதிக்கவில்லை. மூன்றாம் நாள் தாள்களை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நானும் கூடவே போனேன்.

சாமியார் நான்காவதைப் படித்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு சிவப்பு மையால் அடித்தார். நோயாளிகளுக்கான மன்றாட்டையே நான்காவதாக வாசித்துவிடச் சொன்னார்.

"சரிங்க சாமி. அப்ப அஞ்சாவதுக்கு?"

"அது உங்க இஷ்டம் டீச்சர். ஆனா எழுதி எங்கிட்டக் காட்டிரணும்."

அம்மா அங்கேயே, அவர் மேசையிலேயே, என் பேனாவை வாங்கி எழுதினாள்: "எங்கள் ஒவ்வொருவரின் தனிப்பட்ட தேவைகளுக்காகச் சற்று நேரம் அமைதியாக மன்றாடுவோம்."

"இதான் டீச்சர் மன்றாட்டு!" என்று மகிழ்ந்து சாமியார் கையெழுத்துப் போட்டார். அவரைவிட நான் மகிழ்ந்தேன்.

புதுநன்மை ஞாயிறு வந்தது. அடுத்த அன்பியத்திலிருந்துகூட அம்மாவைக் கேட்க ஆள் வந்திருந்தது. சின்னாளப்பட்டி நீலச் சுங்குடிச் சேலையைக் கட்டிக்கொண்டு அம்மா மைக்குக்குப் போனாள். முதல் நான்கையும் பள்ளிக்கூட ஆண்டறிக்கை போல வாசித்தாள். எனக்குப் பின்னால் யாரோ, "டீச்சருக்கு வயசாயிருச்சு போல" என்று முணுமுணுத்தார்கள். ஐந்தாவதையும் கையெழுத்தான சொல் மாறாமல் வாசித்தாள்.

பிறகு தாளை நான்காக மடித்தாள். படிக்கிற கண்ணாடியைக் கழற்றி உறையில் வைத்தாள். கைப்பையிலிருந்து தூரப்பார்வைக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். முதல் பெஞ்சிலிருந்து பார்க்க ஆரம்பித்தாள்.

பீடிக்காரர் தன் கால் விரல்களை எண்ணத் தொடங்கினார். கணக்கு சார் நெஞ்சில் கை வைத்து, நானில்லை என்பது போலத் தலையசைத்தார். அம்மா அவருக்கு மெல்லத் தலையசைத்து அடுத்த பெஞ்சுக்குப் போனாள். தெருவே ஒவ்வொருவராகக் குனிந்துகொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் என் மைத்துனர் பக்கவாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். இத்தனை பேர் இருக்கிற கோயிலில் ஏன் சத்தமே இல்லை என்று நிமிர்ந்தவர், அம்மாவின் கண்ணாடியைப் பார்த்தார். ஒரு காலில் செருப்போடும் மறுகாலில் இல்லாமலும் அப்படியே நின்றார். அம்மா இப்போது பக்கவாட்டில் திரும்பினாள். சாமியார் சட்டென்று மின்விசிறியை ஆராய ஆரம்பித்தார்.

கடைசியாக என்னிடம் வந்தாள். என் கைக்கடிகாரப்படி மொத்த அமைதி ஐம்பத்தைந்து விநாடி. அதில் பதினைந்து எனக்கு. மெழுகுதிரியோடு நின்ற என் மகள் களுக்கென்று சிரித்துவிட்டாள்.

"ஆண்டவரை நோக்கி மன்றாடுவோம்" என்றாள் அம்மா. கூட்டம் முழுவதும், தப்பித்தோம் என்ற வேகத்தில், பதில் சொன்னது.

பூசை முடிந்ததும் சாமியார் அம்மாவைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், என்ன இது?"

"ஒரு வார்த்த மாத்திச் சொன்னேனா சாமி? நீங்க கையெழுத்துப் போட்டதத்தான வாசிச்சேன்."

"வாசிச்சீங்க, சரி. பாத்தீங்களே!"

"பாக்குறதுக்கும் கையெழுத்து வாங்கணுமா சாமி?"

சாமியார் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. சிரித்து ஓய்ந்ததும், "அடுத்த முறைக்கும் நீங்களே வாசிங்க டீச்சர். ஆனா ஒரே ஒரு கண்ணாடியோட வாங்க" என்றார். அதன் பிறகு ஒன்பது வருடம், முழங்கால் விட்டுப்போகிற வரைக்கும், மைக் அம்மாவிடமே இருந்தது.

மத்தியானம் பந்தி நடந்தது. மைத்துனர் யாரும் கேட்காமலேயே இலை போட்டு, தண்ணீர் ஊற்றி, கடைசிப் பந்தியில் உட்கார்ந்தார். கூட்டம் குறைந்தபோது நான் அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அம்மா, சாமிகிட்டச் சொன்னது நான்தான்."

"தெரியும்."

"எப்படி?"

"பதினஞ்சு வருசமா ஒருநா விடாம டயரி எழுதுற. அந்த வெள்ளிக்கெழம மட்டும் பக்கம் வெள்ளையா இருந்துச்சு."

"நீ என் டயரியப் படிக்கிறியா?"

"பின்ன? மோட்டாரு அஞ்சு நாப்பதுக்கு ஓடுதுன்னும், ஒம் மச்சான் ஞானஸ்நானத்துக்கு எத்தன மணிக்கு வந்தான்னும் எனக்கு வானதூதரா வந்து சொன்னாரு?" அம்மா வெற்றிலையை மடித்தாள். "எழுத்துத்தான் எறும்பு ஊர்ந்தாப்புல இருக்கு. ரெண்டு கண்ணாடியும் பத்தல. கொஞ்சம் பெருசா எழுதுனா என்னலே?"

நான் கோபப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. எத்தனையோ வருடமாக யாருக்கென்று தெரியாமல் மணி போட்டு எழுதிவந்தவனுக்கு, ஒரு வாசகி இருந்திருக்கிறாள்.

அன்று மாலை நாட்குறிப்பை எடுத்தேன். பூசை, விருந்து, உடுப்பில் முத்து அறுந்த இடம் எல்லாவற்றையும் எழுதினேன். அந்த வெள்ளிக்கிழமைப் பக்கத்துக்குத் திரும்பிப் போய், செய்ததை ஒரே வரியில் எழுதினேன். பிறகு அன்றைய பக்கத்துக்கு வந்து கடைசியாக ஒன்றைச் சேர்த்தேன்: "மைத்துனர் கோயிலுக்கு வந்த நேரம், எட்டு இருபது." மற்ற வரிகளைவிடக் கொஞ்சம் பெரிய எழுத்தில்.