மாமனாரும் பனிக்கரடியும்

கல்யாணமான புதிதில், கல்லூரியில் பூகோளம் படித்த பெருமையில், ராசிங்காபுரத்து மாமனாரிடம் ஒரு பொய் அளந்தேன். மலைமேல் இருக்கும் போடிமெட்டு தூந்திரப் பிரதேசம்போல உறைந்து கிடக்கும், பனிக்கரடிகூட வரும் என்றேன். அது பசுமைமாறாக் காடு என்று எனக்கே தெரியும். மலையேறியே அறியாத அவர், ஏலத்தோட்டம் பார்க்க இரண்டு கம்பளியும் குரங்குக் குல்லாயும் மாட்டிக்கொண்டு என்னோடு ஜீப்பில் ஏறினார்.

மேலே பங்குனி வெயில் சுள்ளென்று அடித்தது. தோட்டத்து ஆட்கள் சிரித்தார்கள்.

"என்ன பெரியவரே, காய்ச்சலா?"

"குளிருது அப்பு. எங்க மாப்ளே படிச்சவரு, அவரே சொன்னாரு."

வியர்வை ஒழுக ஒழுக, எனக்காகப் பல்லை வேறு தந்தியடித்துக் காட்டினார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். மரியாதை போய்விடுமே என்று பயந்தேன்.

கடைசியில் என் காதருகே குனிந்து கேட்டார்: "மாப்ளே, இதைக் கழட்டிரவா, இல்ல கரடி வந்துட்டுப் போகட்டுமா?"

"கொஞ்சம் பொறுங்க மாமா" என்றேன், பாவி.