பால் விடாத தேத்தண்ணியும் இரண்டு அளவுகளும்

என் நெஞ்சில் ஒரு இரத்தக் குழாய் சுருங்கிக் கிடக்கிறது என்று தெரியவந்தபோது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். இப்போதும் அங்கேதான் கழுவுகிறேன். முன்னால் கொத்துரொட்டி அடிக்கிற சத்தம், வெளியே பாலத்தின் மேல் மெத்ரோ ரயில் போகிற சத்தம், நடுவில் நானும் சுடுதண்ணீரின் ஆவியும். பேச்சு அதிகம் தேவைப்படாத வேலை. அதனால்தான் இத்தனை வருடம் அதிலேயே இருந்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

நிலவறையிலிருந்து அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு படியேறும்போது நெஞ்சுக்கு நடுவில் யாரோ உள்ளங்கையை வைத்து மெல்ல அழுத்துவது போல இருக்கும். நின்றால் போய்விடும். மறுபடி ஏறினால் மறுபடி வரும். வலி என்று சொல்ல முடியாது. சொல்ல முடியாத ஒன்றை யாரிடம் போய்ச் சொல்வது என்று மாதக்கணக்கில் பேசாமல் இருந்தேன். சமையல்காரத் தம்பிதான் அதைக் கண்டுபிடித்தான்.

“அண்ணை, பதினைஞ்சு படிக்கு மூண்டு தரம் நிக்கிறியள். படி எண்ணிப் பாக்கிறியளோ?”

“ஓம், எண்ணுறன்” என்றேன்.

“எண்ணி முடிஞ்சால் சொல்லுங்கோ, அக்காவுக்கு ஒரு போன் போடவேணும்.”

சொன்னபடியே போன் போட்டுவிட்டான். அன்று முதல் என் மனைவி என்னை விடவில்லை. மருத்துவர், பிறகு இருதய மருத்துவர், பிறகு படம் எடுக்கும் இடம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு திரிந்தாள். இருவருக்கும் பிரெஞ்சு அரைகுறை. அவள் அந்த அரைகுறையைச் சத்தமாகப் பேசுவாள். நான் எல்லாவற்றுக்கும் “உய்” என்பேன். ஆம் என்று அர்த்தம். இந்த நாட்டில் நான் அதிகம் பயன்படுத்திய சொல் அதுவாகத்தான் இருக்கும்.

படத்தில் குழாய் ஓரிடத்தில் பாதியளவு ஒடுங்கித் தெரிந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பெண் மருத்துவர், கண்ணாடியைச் சங்கிலியில் கழுத்தில் தொங்கவிட்டிருப்பவர், எங்களுக்கு மெதுவாக விளக்கினார். ஒடுங்கியிருக்கிறது என்பதைப் படம் காட்டும். அந்த ஒடுக்கத்தைத் தாண்டி இரத்தம் போதுமான அளவு போகிறதா என்பதைக் காட்டாது. அதை அளக்க வேண்டும். மணிக்கட்டு வழியாக ஒரு மெல்லிய கம்பியை இதயம் வரை கொண்டுபோய், ஒடுக்கத்துக்கு முன்னால் எவ்வளவு அழுத்தம், பின்னால் எவ்வளவு அழுத்தம் என்று பார்ப்பார்கள். இரண்டும் சமமாக இருந்தால் அளவு ஒன்று. பின்னால் குறையக் குறைய அது ஒன்றுக்குக் கீழே இறங்கும். ஒரு எல்லைக்கோடு வைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே போனால் குழாய்க்குள் சிறிய கம்பிச் சுருள் வைத்து விரிக்க வேண்டும். மேலே நின்றால் மாத்திரை போதும்.

“இதை அளக்க இரண்டு முறைகள் உண்டு” என்றார். “ஒன்றில் மருந்து எதுவும் இல்லை. இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு ஒரு கணம் ஓய்கிறதே, அந்த அமைதியில் அளப்போம். மற்றதில் ஒரு மருந்து ஏற்றுவோம். நீங்கள் மாடிப்படியில் ஓடினால் எப்படிச் சின்னக் குழாய்கள் எல்லாம் விரிந்து இரத்தம் கேட்குமோ, அப்படி விரியவைத்து அளப்போம். எந்த முறை சரி என்று அறியும் ஆய்வுக்காக இரண்டையும் ஒரே ஆளில் அளந்து ஒப்பிட்டுப் பார்க்கிறோம். உங்களுக்குச் சம்மதமா?”

“உய்” என்றேன்.

உண்மையில் எனக்கு நன்றாகவே விளங்கியது. எங்கள் குசினியில் ஒரே குழாயிலிருந்து மூன்று பைப்புகளுக்குத் தண்ணீர் வருகிறது. காலையில் நான் மட்டும் திறந்தால் தண்ணீர் கொட்டும். மத்தியானம் ஒருவர் அரிசி கழுவ, இன்னொருவர் நிலம் கழுவ, என் பைப்பில் தண்ணீர் நூலாகிவிடும். மருந்து ஏற்றுவது என்பது எல்லாப் பைப்பையும் ஒன்றாகத் திறந்துவிட்டு என் பைப்பைப் பார்ப்பது. இதை மருத்துவரிடம் சொல்ல ஆசையாக இருந்தது. சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, கையில் தந்த தாளை மடித்து எடுத்துக்கொண்டு வந்தேன்.

அந்தத் தாளை மனைவி குளிர்சாதனப் பெட்டியில் காந்தத்தால் ஒட்டிவைத்தாள். முதல் வரியை இருவரும் படித்தோம்: எதுவும் சாப்பிடக்கூடாது. அதற்குக் கீழே இன்னும் பல வரிகள் இருந்தன. முதல் வரி விளங்கியவுடன் எங்களுக்கு முழுத்தாளும் விளங்கிவிட்டது. விரதம் பிடித்துப் பழகிய வீடு. கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் நான் ஒரு நேரச் சாப்பாட்டுடன் வேலைக்குப் போகிறவன். இதில் எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

அளக்கும் நாள் விடியற்காலை, புறநகர் ஓல்னேயில் எங்கள் வீட்டு ஜன்னலுக்கு வெளியே மெல்லிய பனி. தெருவிளக்குகள் அதற்குள் மஞ்சள் பஞ்சு போல நின்றன. மனைவி பெரிய கோப்பையில் தேத்தண்ணியோடு வந்தாள்.

“குடிக்கலாமோ?” என்றேன்.

“பால் விடேல்லையப்பா. விரதத்துக்கே குடிக்கிறனீங்கள். வெறும் பிளேன்ரீ என்ன செய்யப்போகுது?”

“நல்ல சாயமாய் இருக்கு.”

“பயத்திலை போறியள், கொஞ்சம் கடும் சாயமாய் இருக்கட்டும் எண்டுதான்.”

குடித்தேன். சீனியைக் கையில் வைத்து நக்கிக்கொண்டு, சாயம் கசக்கக் கசக்கக் குடித்தேன். பிறகு அவள் குளித்துவிட்டு வருவதற்குள் இன்னொரு கோப்பை நானே ஊற்றிக் குடித்தேன்.

ஆஸ்பத்திரியில் அளவெடுக்கும் அறை குளிராக இருந்தது. மயக்கத்துக்கு அல்ல, பதற்றம் தணியத்தான் என்று ஏதோ கொடுத்திருந்தார்கள். கூரையில் சதுரச் சதுரமாக வெளிச்சம். படம் எடுக்கும் பெரிய வளைந்த கை என் மேலாகச் சத்தமில்லாமல் சுற்றியது. நான் படுத்திருக்க, வீடு ஒன்று என்னைச் சுற்றி நகர்வது போல இருந்தது. மணிக்கட்டில் சிறிய குத்து. அதற்குப் பிறகு எதுவும் தெரியவில்லை. என் கைக்குள்ளால் ஒரு கம்பி போய்க்கொண்டிருக்கிறது என்பதை நம்பவே முடியவில்லை. திரையில் திடீரென்று ஒரு கரிய கொடி பூத்தது. துடித்தது, மறைந்தது, மறுபடி பூத்தது. அது நான்தான் என்று நினைத்தேன். நினைத்தபோது வெட்கமாக இருந்தது, யாரோ என்னை உடுப்பில்லாமல் பார்ப்பது போல.

முதலில் மருந்தில்லாத அளவு. “அசையாமல் இருங்கள்” என்றார்கள். அசையாமல் இருப்பது எனக்குக் கைவந்த வேலை. யாரோ ஒரு எண்ணைச் சொன்னார்கள், யாரோ எழுதினார்கள்.

பிறகு மருந்து ஏறத் தொடங்கியது. “இப்போது நெஞ்சு பாரமாகும், முகம் சூடாகும், மூச்சுக் கொஞ்சம் முட்டும்” என்றார் மருத்துவர். “பயப்பட வேண்டாம், சில நிமிடம்தான்.” காத்திருந்தேன். காதோரம் லேசாகச் சூடேறியது. வேறொன்றும் இல்லை. நான் எங்கோ பஞ்சுக்குள் மிதந்துகொண்டிருந்தேன்.

“உணர்கிறீர்களா?” என்று கேட்டார்.

எல்லோரும் எனக்காக நிற்கிறார்கள். முகமூடிகளுக்கு மேலே நாலைந்து சோடிக் கண்கள். இல்லை என்று சொன்னால் என்னால் ஏதோ பிழை என்று ஆகிவிடும்.

“உய்” என்றேன்.

அளவுகள் இரண்டும் ஒத்துப்போகவில்லை. அதை மருத்துவர் என் தலைமாட்டில் குனிந்து சொன்னார். மருந்தில்லாத அளவு கோட்டுக்குக் கீழே, மருந்து ஏற்றிய அளவு கோட்டுக்கு மேலே. “சிலருக்கு இப்படி வரும். வந்தால் நாங்கள் இங்கே மருந்து ஏற்றிய அளவைத்தான் எடுப்போம். சுருள் தேவையில்லை. மாத்திரையோடு வீட்டுக்குப் போகலாம்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நெஞ்சுக்குள் இரும்பு வைக்காமல் போகிறேன். என்னை வண்டியில் தள்ளிக்கொண்டு போனபோது கூரை விளக்குகள் ஒவ்வொன்றாக என்னைக் கடந்துபோயின. அவ்வளவு சந்தோசமாக நான் எந்த நடைபாதையையும் பார்த்ததில்லை.

குத்திய இடத்தில் இரத்தம் கசியாதபடி மணிக்கட்டில் கட்டிய காற்றடைத்த பட்டியோடு கட்டிலில் கிடந்தேன். தாதி ஒருத்தி தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். என் பெயரைப் பார்த்துவிட்டுத் தமிழில் பேசினாள்; பாண்டிச்சேரிப் பெண்.

“அண்ணே, எல்லாம் நல்லபடியா முடிஞ்சிடுச்சாமே. இந்தாங்க, இப்ப டீ குடிக்கலாம். நேத்துலேர்ந்து டீ காபி இல்லாம தலைவலியே வந்திருக்குமே?”

நான் அவளைப் பார்த்தேன்.

“ஏன் டீ இல்லாமல்?”

“தாள்ல இருந்துச்சே. டீ, காபி, கோலா, சாக்லேட், எதுவும் ஒருநாள் முழுக்கத் தொடக்கூடாது. டீ உள்ள இருந்தா அந்த மருந்து சரியா வேலை செய்யாது. குழாய் விரியாது. அளவு நல்லாருக்கிற மாதிரி பொய்யாக் காட்டும்.” பிறகு சிரித்தாள். “உங்க ஊர்க்காரங்க டீ இல்லாம ஒருநாள் இருந்ததே பெரிய அதிசயம் போங்க.”

அவள் போய்விட்டாள். தட்டில் தேத்தண்ணி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. நான் அதைத் தொடவில்லை.

ஜன்னலுக்கு வெளியே மேகம் மிக மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. கட்டில்தான் எதிர்ப்பக்கமாகப் போவது போலத் தோன்றியது. காதோரம் மட்டும் சூடேறியது நினைவுக்கு வந்தது. பைப்புகள் திறக்கவே இல்லை. திறந்ததாக நான்தான் சொன்னேன். இனி வீட்டுக்குப் போகலாம். மாத்திரை விழுங்கலாம். ஒருநாள் படியில் நின்றுவிடலாம். என் எண் அவர்களுடைய ஆய்வுப் பட்டியலிலும் போய் உட்கார்ந்து, சரியாகச் சொன்ன மருந்தில்லாத முறையைப் பிழை என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

மனைவி முகமெல்லாம் பல்லாக வந்தாள். வெளியே யாரோ அவளுக்குச் செய்தி சொல்லியிருந்தார்கள். நான் தேத்தண்ணி விசயத்தைச் சொன்னேன். அவள் அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“நான்தானே ஊத்தித் தந்தது” என்றாள்.

“ஒரு கோப்பைதான் நீர் தந்தது. மற்றது நானே குடிச்சது.”

“ரெண்டாவதும் குடிச்சனீங்களோ!” என்று ஒருகணம் கோபித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “நல்லாயிருக்கு எண்டுதானே சொல்லிப்போட்டினம். பேசாமல் போவமே?”

அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பட்டி கட்டிய மணிக்கட்டை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போனால் எனக்கு ஒருநாளும் நித்திரை வராது” என்றாள் கடைசியில். “கூப்பிடுங்கோ டொக்டரை. ஒரு கோப்பை எண்டு சொல்லிப்போடாதேங்கோ. ரெண்டு எண்டு சொல்லுங்கோ.”

மருத்துவர் வந்தார். மனைவி வாய் திறக்கப் போனாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அவள் ஆச்சரியப்பட்டதை நான் பார்த்தேன். “காலையில் தேத்தண்ணி குடித்தேன். இரண்டு கோப்பை. பெரியது. கடும் சாயம்” என்றேன். பிறகு அதைவிடக் கடினமானதையும் சொன்னேன். “பாரம் வரவில்லை. வந்தது என்று சொன்னேன்.”

அவர் கழுத்தில் தொங்கிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“ஏன் அப்படிச் சொன்னீர்கள்?”

“தெரியவில்லை, மேடம். நான் எப்போதும் அப்படித்தான் சொல்வேன்.”

அவர் திட்டவில்லை. கட்டில் விளிம்பில் அமர்ந்து கையிலிருந்த தாளில் மருந்து ஏற்றிய அளவு இருந்த வரியைக் கோடு போட்டு அடித்தார். அடுத்த வாரம், ஒருநாள் முழுக்கத் தேத்தண்ணி தொடாமல், மறுபடி வரச் சொன்னார்.

இரண்டாம் முறை மருந்து ஏறியபோது யாரும் எதுவும் கேட்கத் தேவைப்படவில்லை. முதலில் தொண்டை, பிறகு முகம், பிறகு நெஞ்சின் மேல் ஒரு ஈரச் சாக்கை மெதுவாக இறக்கிவைத்தது போல. மூச்சு எங்கோ தூரத்தில் இருந்தது. நான் அதற்குப் பின்னால் நடந்துபோய்க்கொண்டிருந்தேன். மருத்துவர் என் முகத்தைப் பார்த்துத் தலையசைத்தார். நிறுத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லாம் கலைந்து, அறை மறுபடி அறையாயிற்று.

“இப்போது இரண்டு அளவும் ஒரே பக்கம்” என்றார். “இரண்டுமே கோட்டுக்குக் கீழே. சுருளை வைக்கலாமா?”

உய் என்ற சொல் உதட்டு வரைக்கும் வந்துவிட்டது. நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

“எனக்கு அதைக் காட்டுவீர்களா?” என்றேன்.

முகமூடிகளுக்கு மேலே கண்கள் ஒன்றையொன்று பார்த்தன. யாரோ திரையை என் பக்கம் திருப்பினார்கள். கரிய கொடி பூத்தது. ஓரிடத்தில், யாரோ இரு விரலால் கிள்ளிப் பிடித்தது போல, அது மெலிந்திருந்தது. அந்த மெல்லிய இடத்தால் நுழைந்து, அப்பால் போய், கிளைகளாக விரிந்து மறைந்தது.

“எவ்வளவு காலமாக இப்படி?”

“சில வருடங்களாகவே இருக்கலாம்” என்றார் மருத்துவர்.

மறுபடி ஒருமுறை காட்டச் சொன்னேன். காட்டினார்கள். யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. கொடி துடித்து மறையும் வரை பார்த்தேன்.

“வையுங்கள்” என்றேன்.