தேதி போட்டு அனுப்பிய கண்ணீர் அஞ்சலி

அன்று காலை கடையில் இருந்தவர்கள் மூன்று பேர்: முதலாளி, நான், வடமதுரையிலிருந்து வந்திருந்த பாண்டி. பிழை பார்க்கும் சேவியர் அண்ணன் விடுப்பு. பாண்டி கேட்டு வந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அவருடைய அப்பா முத்தையாவுக்கு; ஆனால் முத்தையா மதுரையில் ஐ.சி.யு.வில் உயிரோடு இருந்தார். மூத்த மகன் செல்வம் குவைத்தில். ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க அவர் சம்பளத்தில்தான் ஓடியது.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஃப்ளெக்ஸ் கடை. நான் டிசைனராகச் சேர்ந்து எட்டு மாதம்.

"டாக்டரு கைய விரிச்சுட்டாரு அப்பு. நாளைக்கு முகூர்த்தம், உங்க கடையில நிக்க எடம் இருக்காது. டிசைன மட்டும் ரெடி பண்ணிக் குடுத்துரு" என்றார் பாண்டி.

"ஏலே, தேதிய விட்டுட்டு மத்ததப் போட்டுக் குடு" என்றார் முதலாளி.

இப்படி முன்கூட்டிக் கேட்பது எங்கள் தொழிலில் புதிதல்ல. உடல் வீட்டுக்கு வருமுன் தெருமுனையில் ஃப்ளெக்ஸ் நிற்க வேண்டும், அது இங்கே கௌரவம். பழைய டிசைனைத் திறந்து படத்தையும் பெயர்களையும் மாற்றினேன். தேதியை எடுத்தால் கீழ்வரி மேலே ஏறியது. அளவு தெரியட்டும் என்று அன்றைய தேதியைப் போட்டு, பாண்டியின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினேன்.

கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் சண்டை வருவது பெயர் வரிசையால். ஒரு மாமன் பெயர் விட்டுப்போனால் அந்த வீட்டு மாலை வராது. அந்தப் பயத்தில் பாண்டி அதைக் குடும்ப குரூப்பில் போட்டு, "பேரு யாருதும் விட்டுப்போச்சான்னு பாருங்க" என்று எழுதிவிட்டு மதுரைக்குப் பஸ் ஏறினார். ஐ.சி.யு. வாசலில் போனை அணைக்கச் சொன்னார்கள்.

செல்வம் தேதியைப் பார்த்தார். தம்பியை அழைத்தார், ஸ்விட்ச் ஆஃப். அதற்குள் குரூப்பில் வரிசையாக 'ஆழ்ந்த இரங்கல்' விழுந்துவிட்டது. அவருக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. லீவு கிடையாது என்றார்கள். வேலையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, தம்பியின் போன் திறக்குமுன் விமானம் ஏறினார்.

என் அப்பா சைக்கிளில் ஊர் ஊராகச் சாவுச் செய்தி சொல்லப் போனவர். எழுத்தறியாதவர். சொன்னபின் கொஞ்ச நேரம் நின்று, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார். தந்தி வந்தால்கூட, பிரிக்குமுன்பே அழுகிறவர்களுக்குப் படித்துக் காட்டத் தபால்காரர் நின்றார் என்பார்கள். நான் அனுப்பிய படத்துக்குப் பக்கத்தில் நின்று, கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

இரண்டு நாள் கழித்துச் செல்வம் கடைக்கே வந்தார்.

"நீதானா அது?"

"ஆமாண்ணே."

"எங்கய்யா கண்ணு முழிச்சு, 'ஏன்டா வந்தே, லீவு குடுத்தாய்ங்களா'ன்னு கேக்குறாரு. நான் என்னலே சொல்ல?"

"பையன் தெரியாமப் பண்ணிட்டான் தம்பி. அவுக வீட்லயே மொதல்ல படிச்சவன்" என்றார் முதலாளி.

"படிச்ச புள்ளைக்கித் தேதி போடத் தெரியுது. ஆளு போய்ட்டாரான்னு கேக்கத் தெரியலையாக்கும்."

செல்வத்தின் சம்பளம் நின்றதால், படம் அனுப்பிய ஐந்தாம் நாள் முத்தையாவை அரசு ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். பதினெட்டாம் நாள் இறந்தார். பாண்டி நேரில் வந்து வாயால் சொல்லக் கேட்ட பிறகே தேதியை அடித்தேன். கம்பெனி செல்வத்தைத் திரும்ப எடுக்கவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சரிபார்க்க அனுப்பும் படத்தில் தேதி இடத்தில் பூஜ்யம் போடுங்கள், குறுக்கே 'மாதிரி' என்று பெரிதாக எழுதுங்கள். கடையைவிட்டுப் போன படம் யார் கையில், எந்த நேரத்தில் திறக்கும் என்பது நம் கையில் இல்லை.

செல்வத்தின் விமான டிக்கெட் முப்பத்தெட்டாயிரத்து ஐநூறு. உடனே வேலையை விட்டதற்காகக் கம்பெனி பிடித்துக்கொண்ட இரண்டு மாதச் சம்பளம் எழுபத்தோராயிரம். நான் போட்ட அந்த ஒரு தேதிக்கு மொத்தம் ஒரு லட்சத்து ஒன்பதாயிரத்து ஐநூறு ரூபாய்.