தற்காலிகமாக ஒரு பின்கள வீரர்

விதி இதுதான்: வேறொரு நாட்டில் உதைபந்தாட்டம் ஆடிய வீரரை இங்கே, சுவிஸில், பதிவு செய்வதென்றால், அந்த நாட்டுச் சங்கத்திடமிருந்து விடுவிப்புச் சான்றிதழ் வர வேண்டும். கேட்டு முப்பது நாட்களுக்குள் பதில் வராவிட்டால், இங்குள்ள சங்கம் அவரைத் தற்காலிகமாகப் பதிவு செய்தே ஆக வேண்டும். விரும்பினால் செய்யலாம் என்று அங்கே எழுதியிருக்கவில்லை. விரும்பினால் செய்யக்கூடியவற்றை யாரும் செய்வதில்லை என்பது அதை எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது.

2009இல் நான் ஓய்வுபெற்றிருந்தேன். யாழ்ப்பாணக் கச்சேரி என்ற அரச அலுவலகத்தில் எழுதுவினைஞர், லுசேர்ண் ஹோட்டலொன்றில் பாத்திரம் கழுவுபவர், அகதி விசாரணைகளில் மொழிபெயர்ப்பாளர், கடைசியில் ஒரு நகரசபையில் சமூகநலக் கோப்புகளைப் பார்ப்பவர் என்று என் உத்தியோகங்கள். இவற்றுக்குப் பிறகு வீட்டில் இருந்தபோது சமையலறை அலுமாரிகளுக்கு ஒரு ஒழுங்கு கொண்டுவர முயன்றேன். இரண்டாம் நாள் மனைவி, "இஞ்சருங்கோ, வெளியில போய் ஆரையாவது ஒழுங்குபடுத்துங்கோ" என்றாள். அவளுடைய கடைசித் தம்பி சூரிச்சுக்குப் பக்கத்தில் ஷ்லீரனில் ஒரு சிறிய கழகத்துக்கு ஆடிக்கொண்டிருந்தான். அந்தக் கழகத்தில் வீரர்களின் பதிவைப் பார்க்க ஆள் இல்லை. நான் சேர்ந்தேன்.

அந்தக் கோடையில்தான் மைத்துனன் ஒரு செய்தியோடு வந்தான்.

"அத்தான், எங்கட துப்புரவு வேலையில ஒரு ஆர்ஜென்டீனாக்காரன் சேர்ந்திருக்கிறான். ஊரில பன்னிரண்டு வருஷம் ஒரே கழகத்துக்குப் பின்னுக்கு நிண்டவனாம்."

"நிண்டவனாம் எண்டு ஆர் சொன்னது?"

"அவன்தான்."

"வேற சாட்சி?"

"அத்தான், அவன் விளையாட வாறான். கொலைக்கேசுக்கு வரேல்லை."

அடுத்த நாள் மாலை அவரை மைதானத்தில் சந்தித்தேன். சந்தேகத்துக்குரியவர்களை நான் எப்போதும் 'அவர்' என்றே எழுதுவேன். கோப்புப் பழக்கம். வயது முப்பத்தைந்து. அகன்ற தோள், இடது முழங்காலில் பழைய தழும்பு. தப்புத் தப்பான ஜேர்மன் மொழியில் தன் கதையைச் சொன்னார். புல்வெளியும் மாடுகளும் உள்ள ஒரு சிறு பட்டணத்தின் இரண்டாந்தரக் கழகம். பதினொரு வயதில் அங்கே சிறுவர் அணியில் சேர்ந்து, பிறகு பெரியவர் அணியில் பன்னிரண்டு வருடம் ஆடியவர். பகலில் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை, மாலையில் பயிற்சி. கடைசி ஐந்து வருடம் அணித்தலைவர். மொத்தம் மூன்று கோல், அதில் ஒன்று தன் பக்கத்துக்கே. தொழிற்சாலை மூடப்பட்டது. மனைவிக்கு இங்கே முதியோர் இல்லமொன்றில் வேலை கிடைத்தது. வந்துவிட்டார். முழங்காலில் இன்னும் கொஞ்ச விளையாட்டு மிச்சம் இருக்கிறது என்றும், அது மருத்துவருடைய அறையில் முடியாமல் மைதானத்தில் முடிய வேண்டும் என்றும் சொன்னார். வேறொன்றும் அவர் கேட்கவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

ஆதாரமாகப் படங்கள் காட்டினார். ஒரு படத்திலும் முகம் இல்லை. ஒன்றில் முதுகு. ஒன்றில் யாரோ கோல் அடித்துவிட்டுக் கத்துகிறான், அவன் தோளுக்குப் பின்னால் ஒரு காது தெரிகிறது. அந்தக் காது தன்னுடையது என்றார். பன்னிரண்டு வருடம் ஆடியவருக்கு முகத்தோடு ஒரு படம் இல்லையா என்று கேட்டேன். படக்காரர்கள் எதிரணிக் கோல் பக்கம்தான் நிற்பார்கள், தான் அங்கே அதிகம் போவதில்லை என்று பதில் சொன்னார். பதில் சரியாகத்தான் இருந்தது. சரியான பதில்களோடு எனக்கு நீண்ட பழக்கம் உண்டு.

பிறகு கடவுச்சீட்டைக் கேட்டேன். இத்தாலியக் கடவுச்சீட்டு. பிறந்த இடம் ஆர்ஜென்டீனா. இத்தாலிக்கு எப்போது போயிருக்கிறீர்கள் என்றேன். மிலான் விமான நிலையத்தில் இரண்டு மணித்தியாலம் இருந்திருக்கிறேன் என்றார்.

இதை ஒரு யாழ்ப்பாணத்தவனிடம் காட்டினால் அவன் என்ன நினைப்பான்? எங்கள் ஆட்களுக்கு 'தலைமாற்று' என்ற சொல் போதும்: இன்னொருவருடைய பாஸ்போர்ட்டில் அவருடைய படத்தை எடுத்துவிட்டு எங்கள் படத்தை ஒட்டி விமானம் ஏறுவது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அப்படி வந்து சேர்ந்த பலர் இன்று பேரப்பிள்ளைகளை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப் போகிறார்கள். மைத்துனனே ஒரு மலேசியராகத்தான் சூரிச்சில் இறங்கினான். அந்தக் கடவுச்சீட்டைப் பார்த்ததும் அவன் முகத்தில் ஒரு மரியாதை வந்தது.

"அத்தான், நல்ல வேலைப்பாடு. ஒட்டினதே தெரியேல்லை."

பயிற்சியில் அவரைப் பார்த்தேன். மைத்துனன் எங்கள் முன்கள வீரன், வேகமானவன். பந்தோடு அவரை நோக்கி ஓடினான். அவர் காலை நீட்டவில்லை, விழவில்லை, இடிக்கவில்லை. பக்கவாட்டாகப் பின்வாங்கிக்கொண்டே போனார். கொஞ்ச நேரத்தில் மைத்துனன் மூலைக்கொடிக்குப் பக்கத்தில் தனியாக நின்றான். பந்து தானாக வெளியே போயிருந்தது.

"அவன் பந்தை எடுக்கேல்லை அத்தான். என்னைத்தான் எடுத்தவன்" என்றான் மூச்சு வாங்கியபடி.

ஆட்டம் உண்மைதான். ஆனால் ஆட்டம் உண்மையென்பதால் பெயர் உண்மையாகிவிடாது. அவருடைய பெயரில்தான் ஆடினாரா என்பதே என் கேள்வி. விண்ணப்பத்தை அனுப்பினேன். ஓகஸ்டில் அனுப்பியது. செப்டெம்பர் போனது. ஆர்ஜென்டீனாவிலிருந்து பதில் இல்லை. அவர் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வந்து மூலைக்கொடிகளை நட்டுவிட்டு, கோட்டுக்கு வெளியே நின்று பார்த்தார். முப்பது நாளும் முடிந்ததும் நான் விதியைச் சுட்டிக்காட்டி எழுதினேன். வட்டாரச் சங்கம் தற்காலிகப் பதிவுக்குப் பதிலாக ஓர் அழைப்பை அனுப்பியது: வீரர் அடையாள விளக்கத்துக்கு நேரில் வரவும்.

அந்த அலுவலகத்தின் கண்ணால் பார்த்தால் அதில் ஆச்சரியமில்லை. பிறந்தது ஆர்ஜென்டீனா, கடவுச்சீட்டு இத்தாலி, விண்ணப்பித்த கழகச் செயலாளரான நான் இலங்கை. சந்தேகம் என்பது என் தனிச்சொத்து என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அழைப்பு வந்த செய்தி துப்புரவு வேலைக்காரர்களிடையே பரவியது. எங்கள் ஆட்களுக்கு விசாரணை என்றால் ஒரே விசாரணைதான்: அகதி விசாரணை. அந்த ஞாயிற்றுக்கிழமை மைத்துனனுடைய சமையலறையில் ரோல்ஸும் தேநீரும் வைத்து அவருக்குப் பயிற்சி தொடங்கியது. மேசைக்கு அந்தப் பக்கம் அவர். இந்தப் பக்கம் மைத்துனனும் அவனுடைய வேலைத் தோழர்கள் இருவரும். அம்மாவின் பெயர், பள்ளிக்கூடத்தின் பெயர், கழகத்தில் சேர்ந்த மாதம், கடைசி ஆட்டம் எந்தக் கிழமை, மழையா வெயிலா. கேள்வி முடிவதற்குள் பதில் வர வேண்டும். கேட்டதற்கு மட்டும் பதில். ஒன்றும் கூட்டக்கூடாது. ஒரே கதையை எத்தனை தரம் கேட்டாலும் ஒரே சொல்லில் சொல்ல வேண்டும்.

இடையில் அவர் எல்லாமே உண்மைதானே, எதற்குப் பாடமாக்க வேண்டும் என்று கேட்டார். மைத்துனன் அதை எனக்குத் தமிழில் சொல்லிச் சிரித்தான்.

"உண்மையாம் அத்தான். அதைத்தான் முதல்ல பாடமாக்கவேணும் எண்டு சொல்லுங்கோ."

பிறகு அவன் அவர் பக்கம் திரும்பி, கடவுச்சீட்டைத் தட்டி, தலைமாற்றியதா என்று நேரடியாகவே ஜேர்மன் மொழியில் கேட்டுவிட்டான். என்ன கேள்வி என்று அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். பூட்டன் இத்தாலியக் கிராமமொன்றிலிருந்து கப்பலேறியவர். அந்த வம்சத்தில் வந்தவருக்கு அந்த நாட்டுக் குடியுரிமை உண்டு. அதை நிரூபிக்க நாலு தலைமுறையின் பிறப்பு, திருமணம், இறப்புச் சான்றிதழ்களைத் தேடியெடுத்து, மொழிபெயர்த்து, முத்திரை குத்தி, தூதரக வாசலில் வருடக்கணக்கில் காத்திருந்திருக்கிறார். பூட்டனின் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்ததற்காக இரண்டு வருடம் தனியாக.

அதைச் சொன்ன விதத்தில் எனக்கு அவர்மீது முதன்முறையாக ஒரு நெருக்கம் வந்தது. பொய் சொல்பவர்களுக்குக் காத்திருந்த கதையில் இவ்வளவு சலிப்பு வராது. மைத்துனனுக்கோ ஏமாற்றம். "சட்டப்படி எடுத்ததோ" என்று கடவுச்சீட்டை மூடி வைத்தான். ஆனாலும் பயிற்சி தொடர்ந்தது. நானும் எழுந்து போகவில்லை. திகதிகளை அவர் நாள், மாதம், வருடம் என்ற ஒழுங்கில் சொல்ல வேண்டும் என்று மட்டும் திருத்தினேன்.

பன்னிரண்டு வருடம் பின்களத்தில் நின்றவருக்கு ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது பழக்கம். அவர் எல்லாவற்றையும் பிசகில்லாமல் பாடமாக்கினார். அது இந்த நாட்டு வழக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

விசாரணை கால் மணித்தியாலத்தில் முடிந்தது. மிக நன்றாகப் போனது என்று சொன்னார். இரண்டு கிழமையில் கடிதம் வந்தது: வீரரின் அடையாளம் குறித்து மேலும் விசாரிக்க வேண்டியிருப்பதால் பதிவு இடைநிறுத்தப்படுகிறது.

அடுத்த ரயிலில் அந்த அலுவலகத்துக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஓர் இளம் அலுவலர், மரியாதையானவர். வீரருடைய பதில்கள் அளவுக்கு மீறி நன்றாக இருந்தன என்றார். கேள்வி முடிவதற்குள் பதில் வந்ததாம். தாயின் பெயரை இரண்டு தரம் கேட்டபோதும் அதே தொனியில், ஒரு மூச்சுக்கூட மாறாமல் சொன்னாராம். உண்மை சொல்பவர் கொஞ்சமாவது யோசிப்பார் என்பது அவருடைய அபிப்பிராயம்.

நான் பல வருடம் விசாரணை அறைகளில் இரண்டு மேசைக்கும் நடுவில் உட்கார்ந்தவன். அங்கே யோசித்தவர்களை நம்பமுடியாதவர்கள் என்று எழுதினார்கள். பிள்ளையின் பிறந்த திகதியைச் சொல்ல ஒரு கணம் தயங்கிய தாயின் கோப்பில் அந்தத் தயக்கம் ஒரு பந்தியாக இருந்தது. அந்தப் பந்தியை நான்தான் அவளுக்குத் தமிழில் வாசித்துச் சொன்னேன். இப்போது தயங்காதவரும் நம்பமுடியாதவராகிவிட்டார். அந்தக் கதையை நான் அந்த இளைஞருக்குச் சொல்லவில்லை. எவ்வளவு நேரம் யோசித்தால் உண்மை என்று எந்த விதியில் இருக்கிறது என்று மட்டும் கேட்டேன். அவர் சிரித்தார். அப்படியானால் இந்த இடைநிறுத்தத்தை முறையான தீர்மானமாக, காரணத்தோடும், எங்கே எந்தக் காலத்துக்குள் மேன்முறையீடு செய்யலாம் என்ற குறிப்போடும் எழுத்தில் தாருங்கள் என்றேன்.

இந்த நாட்டில் ஓர் அலுவலரிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். மேன்முறையீட்டுக் குறிப்பை மட்டும் கேட்டால் அவர் பேனாவை மேசையில் வைத்துவிடுவார். அவரும் வைத்தார்.

வசந்தகாலச் சுற்றுக்கு முன் தற்காலிகப் பதிவு வந்தது. அவர் ஆடினார்.

எங்கள் பின்வரிசையில் பாதி தமிழ்ப் பொடியன்கள். அவர் தமிழைத் துப்புரவு வேலையில் கற்றவர், ஆகவே மரியாதைத் தமிழ்தான் தெரியும். இருபது வயதுப் பையன் வரிசையை விட்டு முன்னால் ஓடினால் மைதானம் முழுக்கக் கேட்கும்படி, "நில்லுங்கோ அண்ணை!" என்று கத்துவார். எதிரணிக்கு ஒன்றும் விளங்காது. பொடியன்கள் நிற்பார்கள். நாங்கள் அதற்கு முன் வாங்கிய கோல்களில் பாதியைக்கூட அதற்குப் பிறகு வாங்கவில்லை. ஒரு பருவம் தாங்கும் என்று சொல்லப்பட்ட முழங்கால் நாலைத் தாண்டியது.

ஒரே ஒரு குறை. ஆட்டப் பட்டியலில் அவருடைய பெயருக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு நட்சத்திரக் குறி இருந்தது: தற்காலிகம். ஆர்ஜென்டீனாவிலிருந்து பதில் வரும்வரை அது போகாது. ஒவ்வொரு பருவமும் நான் நினைவூட்டல் அனுப்பினேன். பட்டியலில் கையெழுத்துப் போடும்போதெல்லாம் அவர் முதலில் அந்தக் குறியைத்தான் பார்ப்பார். நாற்பது வயதாகப் போகிறது, ஒரு ஆட்டமாவது இது இல்லாமல் ஆட வேண்டும் என்று ஒருமுறை சொன்னார். வருடாவருடம் புதுப்பிக்க வேண்டிய பி பெர்மிட்டோடு பத்து வருடம் இருந்தவனுக்கு அதை விளக்கத் தேவையில்லை. ஆனால் எனக்குள் அந்தப் பழைய கேள்வி முழுவதாகச் சாகவில்லை. உண்மையிலேயே அணித்தலைவராக இருந்தவரென்றால் அந்தக் கழகம் ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை?

2014 ஜூனில் அவர் கடைசி ஆட்டம் ஆடினார். மழை. நாங்கள் ஒன்றுக்குப் பூச்சியம் என்று வென்றோம். மருத்துவர் யாரும் தேவைப்படவில்லை. அவர் கேட்டது கிடைத்தது, நட்சத்திரத்தோடு.

சில கிழமை கழித்து உலகக் கிண்ணத்தில் சுவிஸும் ஆர்ஜென்டீனாவும் மோதின. மைத்துனன் எல்லோரையும் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தான். நான் வீட்டிலிருந்து புறப்படும்போது தபால் பெட்டியில் வட்டாரச் சங்கத்தின் உறை இருந்தது. உள்ளே அவருடைய பழைய கழகம் ஸ்பானிய மொழியில் எழுதிய ஒரு கடிதம், ஜேர்மன் மொழிபெயர்ப்போடு. மேற்படி வீரர் எங்கள் அணித்தலைவர். அவர் விலகியதாக எங்களுக்கு அறிவிக்கவில்லை. கொஞ்சக் காலம் போய்விட்டுத் திரும்புவதாகவே சொன்னார். ஆகவே விடுவிப்புத் தர முடியாது. எப்போது வருவார் என்று அறியத்தரவும்.

ஆட்டம் தொடங்குவதற்கு முன் அவரிடம் கொடுத்தேன். சோபாவின் நுனியில் இருந்து வாசித்தார். மீண்டும் முதலிலிருந்து வாசித்தார்.

"என்னவாம்?" என்றான் மைத்துனன்.

"தரமாட்டினமாம்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்.

"அண்ணை, நான் போறன் எண்டு சொல்லேல்லை. போயிட்டு வாறன் எண்டுதான் சொன்னது."

கச்சேரியிலிருந்து புறப்பட்ட நாளில் நானும் விடுமுறை விண்ணப்பம்தான் கொடுத்தேன். அது அனுமதிக்கப்பட்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கடிதத்தைத் தான் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். மூலப்பிரதி கோப்பில் இருக்க வேண்டும், வீரருக்கு நகல் கொடுக்கலாம். அதுதான் முறை. கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டு மூலத்தை அவரிடமே விட்டுவிட்டேன். அடுத்த நாள் நகலைக் கோப்பில் வைத்து, வந்துசேர்ந்த திகதியை அதில் குறித்தேன்: 1 ஜூலை 2014.