ஐகோர்ட்டுக்குப் போன தாம்புக்கயிறு

காலை ஐந்தே காலுக்கு எங்கள் ஊர் நிறுத்தத்தில் டவுன் பஸ் ஏறினோம், நானும் என் மதினி பேச்சியம்மாளும். திருச்சுழிக்கு ஒன்பது கிலோமீட்டர். பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. மதினி கையில் சாப்பாட்டுத் தூக்கு. என் கையில் மஞ்சப்பை. பைக்குள் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் கல் கட்டிய பதினான்கு அடித் தாம்புக்கயிறு.

கயிறு எதற்கென்று சொன்னால்தான் பயணம் எதற்கென்று விளங்கும். எங்கள் கண்மாயில் மூன்று அடிக்கு மண் அள்ள ஒருவருக்கு உத்தரவு கொடுத்திருந்தார்கள். அவர் மூன்று அடியோடு நிற்கவில்லை. மடையைவிடப் பள்ளம் ஆழமாகிவிட்டால் மழைத்தண்ணீர் குழியிலேயே கிடக்கும், வயலுக்குப் பாயாது. ஐப்பசி மழைக்கு ஒரு மாதம்தான் இருந்தது. ஆடு மேய்க்கப் போன நான், லாரிக்காரர்கள் சாப்பிடப் போன நேரம் பார்த்துக் கயிறு விட்டு அளந்தேன். அதனால் ஊர்க்காரர்கள் மதுரை ஐகோர்ட்டில் போட்ட வழக்கில் முதல் பெயர் என் பெயராகிவிட்டது. நாலு பேர் கூடினால் முந்தானையைப் போர்த்திக்கொண்டு பின்னால் நிற்கிறவள் நான்.

திருச்சுழியில் பஸ் மாறிப் போனோம். ஆறரைக்கு அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் எங்கள் வக்கீலம்மா செண்பகம் காத்திருந்தார். பந்தல்குடிக்காரர். அப்பா தூத்துக்குடி ரோட்டில் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டியவர். கறுப்புக் கோட்டை மடித்துத் துணிப்பையில் வைத்திருந்தார். மதுரைக்கு ஐம்பது கிலோமீட்டர், தலைக்கு நாற்பத்தைந்து ரூபாய். எனக்குச் சன்னலோரம் கொடுத்தார்கள்.

கருவேலங்காடும் காய்ந்த கண்மாய்களும் பின்னால் போக, மதினி கேட்டாள்: "வக்கீலம்மா, ஒங்களுக்கு இந்தக் கண்மாய் கேசுல என்னத்தக் கெடைக்குது?"

"வெள்ளரிக்காய் கெடைக்கும், கெழுத்தி மீன் கெடைக்கும்" என்று சிரித்தார். "கூடப் படிச்சவுகல்லாம் காரு வாங்கிட்டாக. என்னைய குழி வக்கீல்னு கூப்புடுறாக."

"பெறகு ஏன் இதுலயே கெடக்கீக?"

"மொதல்ல நானும் விவாகரத்து, செக்கு கேசுன்னுதான் திரிஞ்சேன். ஒருநா கிணத்துல சாயத்தண்ணி எறங்குதுன்னு ஒரு கேசு வந்துச்சு. தோத்துட்டேன். தண்ணி கெட்டுப்போச்சுன்னு அழுதேனே தவிர, அனுமதி குடுத்தவுக எதைப் பாத்துக் குடுத்தாக, யாரைக் கேட்டுக் குடுத்தாகன்னு கேக்கல. அன்னையிலருந்து இருபத்திரண்டு வருசமா அந்த ஒரே கேள்வியத்தான் கேக்குறேன்."

"எங்க வீட்டுக்காரர்ட்ட நானும் நாப்பது வருசமா ஒரே கேள்வியத்தான் கேக்குறேன். பதிலக் காணோமே!" என்றாள் மதினி. முன்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர்கூட எழுந்து சிரித்தார்.

எட்டே முக்காலுக்கு மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு. அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் ஐகோர்ட்டு. வாசலில் பெண் போலீஸ் என் பையைப் பிரித்தார்.

"கயிறு எதுக்கும்மா? யாரைக் கட்டப் போறீங்க?"

நான் முந்தானையை இழுத்துப் போர்த்தினேன். மதினி முந்திக்கொண்டாள்: "குழிய அளந்த கயிறுத்தா. இந்தா நிக்கிற எங்க மதினிக்கு ஆட்டைக் கட்டவே கை நடுங்கும்."

கயிறு உள்ளே போகக்கூடாது என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். வக்கீலம்மா, "பரவால்ல பெரியம்மா, மனுவுல பதினாலு அடின்னு எழுதியிருக்கு, அது போதும்" என்றார்.

கோர்ட்டு அறை வாசலில் நாங்கள் இருவரும் செருப்பைக் கழற்றிப் போட்டோம். வேறு யாரும் கழற்றவில்லை என்று உள்ளே போய்த்தான் பார்த்தேன். திரும்பிப் போய்ப் போட்டுக்கொள்ளவும் கூச்சம். தரை ஜில்லென்று இருந்தது.

எங்கள் வழக்கைக் கூப்பிட்டபோது பன்னிரண்டே கால். எதிர்ப்பக்க வக்கீல், மூன்று அடிதான் தோண்டியிருக்கிறது, அதற்கு அறிக்கை இருக்கிறது என்றார். செண்பகம், அறிக்கை எழுதியவர் எந்தத் தேதியில் கண்மாய்க்கு வந்தார், எந்த இடத்தில் அளந்தார் என்று கேட்டார். அவர் காகிதக் கட்டைப் புரட்ட ஆரம்பித்தார். ஜட்ஜய்யா, "பதினான்கு அடி என்று அளந்தது யார்?" என்றார்.

"மனுதாரர்தான். இங்கேயே இருக்காங்க" என்றார் செண்பகம்.

மதினி என் முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டாள். எழுந்து நின்றேன். முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

"பயப்படாம சொல்லுங்கம்மா. எப்படி அளந்தீங்க?"

"கயித்துல அய்யா. வாசல்ல வாங்கி வச்சுக்கிட்டாக."

அறையே சிரித்தது. ஜட்ஜய்யாவும் சிரித்தார். "சரி, குழி பதினான்கு அடி. அதுதானே?"

அங்கே தலையாட்டியிருந்தால் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் அவ்வளவு பேர் முன்னால் பொய்க்குத் தலையாட்டக் கழுத்து வரவில்லை.

"இல்லய்யா. கயிறுதான் பதினாலு அடி. கெழக்கு மூலையில கல்லு தரையத் தொடல. தொங்கிக்கிட்டே கெடந்துச்சு."

வக்கீலம்மா சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தார். ஜட்ஜய்யா பேனாவைக் கீழே வைத்தார்.  பிறகு இங்கிலீஷில் ஏதோ சொல்லி எழுதச் சொன்னார். வெளியே வந்ததும் செண்பகம் தமிழில் சொன்னார்: கோர்ட்டு சார்பில் நேரில் பார்க்க ஒரு வக்கீலைக் கமிஷனராகப் போட்டிருக்கிறார்கள், அவர் சனிக்கிழமை சர்வேயரோடு வந்து எங்கள் முன்னால் அளக்க வேண்டும், கோர்ட்டு மறுபடி சொல்லும்வரை ஒரு கூடை மண் அள்ளக்கூடாது.

"எங்கிட்ட ஏன் சொல்லல பெரியம்மா?"

"நீங்க கயிறு எத்தனை அடின்னுதான கேட்டீக. எட்டலன்னு சொன்னா, ஒழுங்கா அளக்கத் தெரியலன்னு நெனப்பீகளோன்னு இருந்துட்டேன்."

அவர் கோட்டோடு படிக்கட்டில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "எல்லாரையும் கேட்டேன், ஒங்களக் கேக்கல பாருங்க" என்றார். மதினி தூக்கைத் திறந்தாள். கம்பஞ்சோறும் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பும். மூன்று பேரும் மரத்தடியில் சாப்பிட்டோம்.

இரண்டரைக்குக் கிளம்பும்போது பெண் போலீஸ் கயிற்றைச் சுற்றி ஒழுங்காகக் கட்டிக் கொடுத்தார். "செயிச்சிட்டீங்களா?" என்றார். "பாதி" என்றேன். மதினி தள்ளிவிடாமல் வெளியாளிடம் நானாகப் பேசிய வார்த்தை அது.

அந்தக் கட்டடம் பெரிது, எங்கள் ஊரே உள்ளே அடங்கிவிடும். ஆனாலும் பார்த்தவரையில் எங்கள் மடைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அங்கேயும் முறை வரும்வரை காத்துத்தான் கிடக்க வேண்டும். முறை வந்தபிறகு கூச்சப்பட்டால் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போய்விடும்.

ஆறு மணிக்கு ஊர் வந்தோம். சேதி எங்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. கண்மாய்க்கரையில் லாரி ஒன்றும் இல்லை. மண் அள்ளும் இயந்திரம் கையை மடக்கி வைத்து நின்றது. அருப்புக்கோட்டையில் இறங்கி, நூற்றிருபது ரூபாய்க்கு இன்னொரு இருபது அடிக் கயிறு வாங்கியிருந்தேன். சர்வேயரிடம் டேப்பு இருக்கும் என்று மதினி கேலி செய்தாள். இருக்கட்டும். விளக்கு வைப்பதற்குள் பழைய கயிற்றோடு அதை முடிந்து, அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு முடித்தேன். சனிக்கிழமை கிழக்கு மூலையில் கல் தரையைத் தொடும்.