பரோட்டா வீசும் கையில் ஒரு நீர்க்கட்டி

செஞ்சியில் திண்டிவனம் சாலையில் எங்கள் பரோட்டாக் கடை இருக்கிறது. கல்லில் நிற்பது நான். சால்னா வைப்பதும் பரிமாறுவதும் என் வீட்டுக்காரர். ஒரு பொம்பளை பரோட்டா வீசுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டே பஸ்ஸை விட்டவர்கள் உண்டு. பிறகு ருசிக்காகவே வந்தார்கள். அதில் எனக்குக் கர்வம்தான், மறைப்பானேன்.

போன வருஷம் வலது மணிக்கட்டின் மேல்பக்கம் சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி எழும்பியது. மாவு பிசைந்த நாளில் பெரிதாகும். கடை லீவு என்றால் சிறுத்துவிடும். போகப்போக, மாவை வீசும்போதெல்லாம் முழங்கை வரை சுரீரென்று வலி ஏறியது. புற்றுநோயோ என்று உள்ளுக்குள் பயம்.

வழக்கமாகச் சாப்பிட வரும் லாரி டிரைவர் ஒருவர் வைத்தியம் சொன்னார். "கையை மேசை மேல வெச்சி கனமா எதுனா எடுத்து ஒரே போடு போடு. உள்ளயே ஒடஞ்சி கரைஞ்சிடும்."

என் வீட்டுக்காரர் இஞ்சி இடிக்கும் கல்லை எடுத்துக்கொண்டு வந்தே விட்டார்.

"அத கீழ வைங்க. இது நம்ம பொழப்பு நடக்குற கை" என்றேன்.

"பின்ன இன்னா செய்யலாம்ன்ற?"

"ஆஸ்பத்திரிக்கிப் போலாம்."

டாக்டரம்மா விளக்கை அணைத்துவிட்டு, கட்டியின் பக்கவாட்டில் ஒரு சின்ன டார்ச்சை வைத்து அடித்தார். கட்டி முழுக்கச் சிவப்பாக ஒளிர்ந்தது.

"வெளிச்சம் ஊடுருவுது பாத்தியாம்மா. உள்ள இருக்கறது தண்ணி. மூட்டுல இருக்கற பசை மாதிரி நீர் வெளிய வந்து பையாட்டம் தங்கியிருக்குது. புத்துநோய் கிடையாது."

"அடிச்சி ஒடைக்கலாம்ன்றாங்களே?"

"எலும்பு ஒடையும். கட்டி திரும்பவும் வரும். வலி இல்லன்னா அப்படியே விட்டுடுன்னு சொல்லுவேன், சிலருக்குத் தானாவே போயிடும். உனக்கு வேலையே கையிலதான்."

ஊசி போட்டு உறிஞ்சினார். கண்ணாடி போலத் தெளிவாக, ஜெல்லி மாதிரி கொழகொழவென்று வந்தது. திரும்ப வரலாம் என்று அவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். தை மாதத்துக்குள் வந்தும்விட்டது. விழுப்புரத்தில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள்.

கைக்கட்டோடு நான் ஸ்டூலில் உட்கார்ந்துகொள்ள, கல்லில் என் வீட்டுக்காரர் நின்றார். அவர் வீசிய முதல் மாவு கல்லில் விழாமல் தண்ணீர்க் குடத்தில் விழுந்தது. சாப்பிட வந்தவர்கள் சிரித்தார்கள். அவர் கோபப்படவில்லை. "இன்னொரு தடவ சொல்லு" என்றார். நான் இடது கையால் வீசிக் காட்டினேன். அவர் பரோட்டா அடுக்கடுக்காகப் பிரியத் தொடங்கிய அன்று, அதே ஆட்கள் இன்னொன்று கேட்டு வாங்கினார்கள்.

கட்டுப் பிரித்ததும் ஆஸ்பத்திரியில் சொன்னபடி விரல்களை மடக்கி நீட்டிப் பழகினேன். முதலில் தேநீர்க் கிளாஸைப் பிடிக்கவே கையில் வலு இல்லை. அவசரப்படாமல், சின்ன உருண்டையிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.

போன அமாவாசைக்கு, மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் கூட்டம் சாயங்காலமே கடையை மொய்த்தது. புதிதாக வாங்கிப் போட்ட இரண்டாவது கல்லில் அவர், பழைய கல்லில் நான். கை அலுத்தால் நான் சால்னாப் பக்கம் போய்விடுவேன். கல்லில் வேலை நிற்காது. கடைசி உருண்டை தீரும்வரை ஒருவரையும் திருப்பி அனுப்பவில்லை.