மிதக்க விடாத பைகள்

கரமனை ஆற்றுப் படிக்கட்டில் சூப்பிரண்டு சார் கத்தரிக்கோலுடன் நின்ற காலை இன்றும் கண்ணுக்குள் இருக்கிறது. ஆற்றில் மீன்குஞ்சு விடும் விழா. விருந்தினர் வரத் தாமதமானதால் பத்துப் பைக் குஞ்சுகளும் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன.

சார் பொறுப்பில் இருந்த மீன்குஞ்சுப் பொரிப்பகத்தில் எனக்குத் தினக்கூலி வேலை. முன்பு வெள்ளக்காலத்தில் ஆற்றில் வலைபோட்டுக் குஞ்சு பிடித்தார்களாம். என் காலத்தில் தாய்மீனுக்கு ஊசி போட்டுத் தொட்டியிலேயே முட்டையிட வைத்தோம். குஞ்சைப் பையிலிட்டு ஆக்சிஜன் நிரப்பிக் கட்டுவது நான். கொண்டுபோன இடத்தில் பையைப் பிரிக்காமல் அரைமணி நேரம் தண்ணீரில் மிதக்க விடவேண்டும். பைக்குள் உள்ள சூடும் ஆற்றின் குளிர்ச்சியும் சமமான பிறகுதான் திறக்கலாம்; இல்லையென்றால் குஞ்சு செத்துவிடும்.

"சார், மிதக்க விடணும்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"போட்டோ எடுக்க ஆளு நிக்குது. நீ மாறி நில்லு பிள்ளே" என்று பைகளை வெட்டிக் கொட்டினார்.

விருந்தினர் போகுமுன்பே வெள்ளை வயிறுகள் மேலே வந்தன. சார் என்னை நோக்கிக் கைநீட்டினார். "இவ கெட்டினதாக்கும். கெட்டு லூஸு, காத்து போயாச்சு." மறுநாளே என் வேலை போயிற்று.

அணைக்கும் ஊர்க்குளத்துக்கும் குஞ்சு வளர்த்த அந்தத் தொட்டிகளில் இப்போது கண்ணாடிப் பெட்டிக்கான வண்ணமீன்கள் நீந்துகின்றன. வீட்டு முற்றத்தில் தார்ப்பாய்க் குளம் வைப்பவர்களும் அங்கேதான் குஞ்சு வாங்குகிறார்கள். ஓய்வுபெற்று எங்கள் தெருவுக்கே குடிவந்த சாரும் அப்படியொரு குளம் வைத்தார். எனக்கு மீன்வேலை தெரியும் என்று யாரோ சொல்லக் கேட்டு என்னை அழைத்தார். என் முகம் அவருக்கு நினைவில்லை.

வாங்கி வந்த குஞ்சுப் பையின் கட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்தார். "கெட்டுதான் முக்கியம், அம்மா. பண்டு ஒருத்தி லூஸாக் கெட்டி மொத்தமும் செத்துப்போச்சு."

சொன்ன பொய்யை இத்தனை வருஷமாக அவரே நம்பியிருக்கிறார்! அதனால்தான் எதையும் கற்றுக்கொள்ளவில்லை.

"வேற எதாவது செய்யணுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம் சார், இவ்வளவு மதி, போதும்" என்றேன். குரல் கணீரென்று வந்தது.

மிதக்க விடாமலே வெட்டிக் கொட்டினார். குஞ்சுகளிடம் மட்டும் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் என் வாசலில் வந்து நின்றார். "எல்லாம் போச்சே, என்ன காரணம்?"

"குஞ்சு கேடாயிருக்கும் சார். வேற வாங்கி விடுங்க."

வாங்கினார். அதுவும் போயிற்று. வரும் ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது தடவை. கூடமாட நிற்க என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார். போவேன்.